வெறுந்தட்டு

குழுவில் ஏழு பேர்.
மூன்று கை மேலே. மூன்று கை மேசைமேல்.
மிச்சம் என் கை.
வலது முழங்கையில் பழைய எலும்பு முறிவு,
ஈரக்காற்றில் தூக்கினால் வலிக்கும்.
அதைச் சாக்காகச் சொல்லலாமா என்று
உண்மையாகவே யோசித்தேன்.

நான் மருத்துவச்சி இல்லை.
ரியோனி ஆற்றங்கரைச் சந்தையில்
முப்பத்தொரு வருடமாக
எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கிறவள்.
இருநூற்றுப் பன்னிரண்டு தராசு என் பொறுப்பு.
எவர் கட்டைவிரல் தட்டில் சாயும்,
எவர் கல்லின் வயிற்றைக் குடைந்து
மெழுகடைத்திருக்கிறார், எல்லாம் தெரியும்.
"நாஸிப்ரோலா நிறுத்தால் தப்பாது"
என்று சொல்லித்தான் மேயர் என்னைச் சேர்த்தார்.
முகக்கவசத்துக்குள் சிரித்தாரா, தெரியவில்லை.

குராம், ஆஸ்பத்திரிக்காரர், எழுந்து சொன்னது இவ்வளவுதான்:
மூச்சுக் கருவி ஐந்து.
ஒன்று உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறது.
நான்கு என்று வையுங்கள்.
யாரும் பேரம் பேசவில்லை, ஆனாலும்
நான்கு, நான்கு என்று
கடைசி விலை சொல்பவர்போல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மலையிலிருந்து பாலாடைக்கட்டி கொண்டுவரும் மக்வாலா
வாசலில் நின்று பேச அனுமதி.
"பசுவுக்கு ஊரடங்கு தெரியாது.
விடிந்தால் மடி கனக்கிறது.
உப்பிட்டு உப்பிட்டு உப்புத் தீர்ந்தது.
பன்றிக்குப் போட்டேன்.
இப்போது பன்றியும் முகம் திருப்புகிறது."
கோபமாகச் சொல்லவில்லை.
கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

ஷோராவைப் பற்றி யாரும் பேசவில்லை.
அவன் வண்டி தள்ளாத கடை அங்கே கிடையாது.
பதினொரு பேருக்கு மேல் கல்லறைக்குப் போகக் கூடாதாம்.
பன்னிரண்டாவது ஆளாய்
மதில் வெளியே நான் நின்றேன்.
ரொட்டியை ஒயினில் நனைத்து,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
இன்னும் கறை போகவில்லை.

ஓட்டுக்கு முந்தைய இரவு
சாவியை எடுத்துக்கொண்டு சந்தைக்குள் போனேன்.
இரண்டு மாதத்து இருட்டு.
எங்கோ அழுகிய புளிப்புப் பிளம்ஸ்,
காலடியில் எலி.
வழக்கம்போல் தராசுகளைச் சோதித்தேன்.
மக்வாலாவின் தராசு
வெறுந்தட்டோடு
நாற்பது கிராம் காட்டியது.
விரலால் துடைத்தேன். தூசி.
மறுபடி பார்த்தேன்: பன்னிரண்டு கிராம்.
அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது,
கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

கை தூக்கினேன். வலித்தது.

புதனும் சனியும் மட்டும். சீட்டுக் குலுக்கி நாற்பது கடை.
சுண்ணாம்பு வட்டம் போட்டோம்.
முதல் சனியே மழை வந்து வட்டங்களைக் கொண்டுபோனது.
ஜனங்கள் இல்லாத கோட்டுக்குள்
நினைவாக நின்றார்கள்,
அது என்னை என்னவோ செய்தது.

மூன்றாம் வாரம் நடு இரவில் குராம் அழைத்தார்.
சந்தையில் தொற்றியதா,
கீழ்த்தெருவில் நடந்த ஞானஸ்நானத்திலா,
அவருக்கும் தெரியாது.
குறை சொல்லவில்லை.
"இன்றைக்கு ஒன்று மிச்சம்"
என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.
விடியும்வரை அந்த ஒன்றைப்
பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்று மக்வாலா ஒரு கிலோ நிறுத்தாள்,
மேலே ஒரு துண்டு கொசுறு வைத்தாள்.
வேண்டாமென்றேன்.
"எனக்காகத்தானே தூக்கினாய்."
எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை.
முள் ஆடிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒருவர் இருமினார்.
லெவான்தான். புகையிலை இருமல்,
நாற்பது வருடமாக நானறிந்த இருமல்.
ஆனாலும் ஒரு கணம்
சந்தை மொத்தமும்
நிறுப்பதை நிறுத்தியது.

பிறகு யாரோ பூண்டு விலை கேட்டார்கள்.